நான் துடைத்த நட்சத்திரங்கள்

என் அருமை மருமகளே,

இன்று காலை ஒரு கல்யாண ஆல்பத்தைத் தேடி ஸ்டூடியோவின் பழைய கணினியைக் கிளறியபோது உன் பெயரில் இரண்டு படங்கள் அகப்பட்டன. ஒன்று நீ தந்தது. மற்றது நான் அழகாக்கியது. தேநீரை ஓரமாக வைத்துவிட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தேன்.

உன் மாமனின் கீர்த்தி உனக்குத் தெரியாததா? கந்தப்பளையிலிருந்து இறம்பொடை வரை என் கணினியில் முகம் கழுவாமல் ஒரு மணப்பெண்ணும் ஆல்பத்துக்குள் நுழைந்ததில்லை. கணக்கப்பிள்ளையின் அம்மைத் தழும்பை நான் துடைத்த துடைப்பில் அவர் பெண்டாட்டியே "இது யாருங்க?" என்று கேட்டாள்.

அப்படிப்பட்ட சக்கரவர்த்தியிடம்தான் நீ பென் டிரைவை நீட்டினாய். ஒன்றோடொன்று மோதிக் கலக்கும் இரண்டு விண்மீன் கூட்டங்களின் படம்; தொலைநோக்கி தந்த எண்களை வைத்து நீயே கணக்குப் போட்டு எடுத்தது. உன்னை ஆராய்ச்சிப் படிப்புக்கு எடுக்கவிருந்த பேராசிரியர்கள் முன்னால், கொழும்பில், பலகையில் ஒட்டக் கதவளவு பிரின்ட் வேண்டும். "அப்படியே அடிச்சிக் குடுங்க மாமா" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போய்விட்டாய்.

'அப்படியே' என்ற சொல் என் தொழிலில் கிடையாது. கூட்டங்களைச் சுற்றி வெளிறிய புகைபோல வளைவுகளும் ஒரு வாலும் தெரிந்தன. தூசி என்று தீர்ப்பளித்து இரண்டு மணிநேரம் டச்சிங் செய்தேன். வானம் மணப்பெண்ணின் கன்னம்போல் ஆனது. சுருட்டிக் குழாயில் போட்டுக் கொடுத்தேன். நீ பிரித்தே பார்க்கவில்லை. மாமன்மேல் அவ்வளவு நம்பிக்கை.

திரும்பி வந்த அன்று நீ அழவில்லை. அந்தப் புகையெல்லாம் மோதலில் சிதறிய நட்சத்திரங்கள் என்றாய். இரண்டு கூட்டங்களும் எப்படிச் சேர்ந்தன என்பதற்கு அவைதான் சாட்சியாம். உன் மடிக்கணினியில் இருப்பது பலகையில் இல்லையென்றால், கணக்கு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வருகிறது, அது உன் கணக்கு தானாகப் போட்ட கோலமாக இருக்கலாம், முதலிலிருந்து செய்துகொண்டு அடுத்த வருடம் வா என்று அவர்கள் அனுப்பிவிட்டார்களாம்.

பிறகு கேட்டாய். "மாமா, படத்துல ஏதாச்சும் தொட்டீங்களா?"

"நானா? மெஷின் பழசும்மா."

பூமி உருண்டை என்று ஒப்புக்கொள்ளவே ஆறு மாதம் எடுத்துக்கொண்டவன் நான். என் கைவேலையில் பிழை என்று எப்படிச் சொல்வேன்? நீ பென் டிரைவைக் கேட்டாய். தொலைந்துவிட்டது என்றேன். "அப்ப பென் டிரைவுல நான் ஏத்துன படத்துலதான் ஏதோ தப்பு" என்று உனக்குள்ளேயே முணுமுணுத்தாய்.

ஒரு வருடம் முழுக்க எல்லாவற்றையும் மறுபடி செய்தாய். அதே வளைவுகள், அதே இடத்தில் வந்தன. ஸ்டூடியோவுக்கு ஓடிவந்து, "இருக்கு மாமா, உண்மையாவே இருக்கு" என்றாய். நான் கைதட்டினேன். இந்த மலைநாட்டில் அதைவிடக் கேவலமாக எவனும் கைதட்டியிருக்கமாட்டான். நீ மறுபடி கொழும்புக்குப் போகுமுன் காய்ச்சல் வந்தது. பன்னிரண்டே நாள். உனக்கு மிச்சமிருந்த ஒரே வருடத்தை, இல்லாத பிழையைத் தேடவைத்துத் தின்றுவிட்டேன்.

உன் அம்மா, என் தங்கச்சி, உன் பேச்சு வரும்போதெல்லாம் ஒன்றைச் சொல்கிறாள்: "எம்புள்ள எல்லாத்துலயும் கெட்டிக்காரி. அந்த ஒரு கணக்குத்தான் தப்பாயிருச்சு." உன்னைப் புதைத்த நாளிலிருந்து நான் தூக்கிக்கொண்டு திரிவது அந்த வாக்கியத்தைத்தான். ஒருமுறைகூட அவளைத் திருத்தவில்லை.

இரண்டு படங்களையும் கதவளவில் அடித்துவிட்டேன். உன் அம்மா கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து இறங்கும் நேரம். வழக்கமாக அரைமணி நேரம் என் பெருமையைப் பேசிவிட்டுத்தான் நான் விஷயத்துக்கு வருவேன். இன்று அவள் வாசலில் வந்து நின்றதும் முதலில் சொல்ல வேண்டியது: உம்புள்ள கணக்கு சரி, நான்தான் தொட்டேன்.