‘கருநீர் வாசல்’ கடைசித் தாளில் பென்சில் குறிப்புகள்

ஜூலை 6, ஞாயிறு

காலையிலேயே அனல். ஆலயம் முடிந்து நேரே ஒத்தக்கடை வாசகர் வட்டம். என் ‘கருநீர் வாசல்’ நாவலைப் பற்றிப் பேசுகிறார்களாம். அங்கே ஒரு சட்டம்: எல்லோரும் பேசி முடிக்கும்வரை எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. முப்பது வருடம் வகுப்பில் பிள்ளைகளின் வாயை அடைத்தவளுக்குச் சரியான தண்டனை.

மருந்துக்கடைத் தம்பிக்குப் பேசும் ஆந்தையும் ஏழு மலையும் பிடித்திருந்தன. "அம்புட்டும் கண்ணு முன்னாடி நிக்குதுக்கா." கல்லூரிப் பெண் ஒருத்தி பஸ்ஸில் படித்து அழுதாளாம், கண்டக்டர் தண்ணீர் கொடுத்தாராம். பிறகு வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எழுந்தார்.

"செத்த மகளக் கூட்டியாரக் கருநீரத் தாண்டி அம்புட்டுத் தூரம் போறா அரசி. மக கையையும் பிடிச்சுட்டா. அப்பறம் விட்டுட்டு வாராளாம். பெத்தவ செய்யிற காரியமா இது? அவளுக்கு நெஞ்சா கல்லா?"

எல்லாத் தலையும் ஆடியது. திரும்பி வந்தால் மகளின் வலியும் கூடவே வரும் என்று வாசல்காவலன் சொல்லும் பக்கம் யாருக்கும் நினைவில்லை. என் முறை வந்தபோது நன்றி சொன்னேன். மிக்சர், காபி. காபியில் சீனி அதிகம்.

ஜூலை 7, திங்கள்

வாங்க: ரவை, கொசுவத்தி, அவருக்கு பி.பி. மாத்திரை.

பதிப்பாளர் போன். இரண்டாம் பதிப்பு போடுகிறார்கள். "டீச்சர், முடிவ மட்டும் கொஞ்சம் மாத்திக் குடுங்க. மகளக் கூட்டிட்டு வந்துறட்டும். எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க." வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம். பார்க்கிறேன் என்றேன்.

வீட்டுக்காரருக்குக் கொடுத்த பிரதி ஜனவரியிலிருந்து மேசையில். மேலே சுற்றிய பிளாஸ்டிக் கூடப் பிரிக்கவில்லை. அதன்மேல் கண்ணாடிக் கூடு வைக்கிறார். இன்றும் கேட்டேன்.

"படிச்சீங்களா?"

"கண்ணு வலிக்குது."

எந்தப் பேப்பரையும் விளம்பரம் விடாமல் படிக்கிற கண். பத்து மணிக்குப் பென்ஷனர் சங்கம் என்று கிளம்பிவிட்டார். மனுஷர் இல்லை, மண்சுவர்.

ஜூலை 8, செவ்வாய்

புழுக்கம். கரண்ட் இல்லை. முடிவை மாற்றி நாலு பக்கம் எழுதினேன். அரசி மகளோடு ஊர் திரும்புகிறாள், மேளதாளம். ஐந்தாம் பக்கத்தில் மகள் வலி தாங்காமல் முனகத் தொடங்கினாள். நிறுத்திவிட்டேன்.

எங்கள் மகள் ஜெனிக்கு அப்போது பத்தொன்பது வயது. காய்ச்சல் மூளைக்கு ஏறி, பதினோரு நாள் மெஷினில் மூச்சு. இனி வேதனையை நீட்டத்தான் முடியும் என்று டாக்டர் சொல்லி, மெஷினை நிறுத்தச் சம்மதம் கேட்டுக் காகிதத்தை நீட்டினார். அவள் அப்பா, "நான் வெளிய நிக்கிறேன்" என்று போய்விட்டார். நான் மட்டும் கையெழுத்துப் போட்டேன். நான் மட்டும் உள்ளே இருந்தேன். வெளியே வந்தபோது ஒன்றும் கேட்கவில்லை. ஆறு வருடம். அவள் பெயரைக்கூடச் சொல்வதில்லை. கொன்றவள் என்று நினைக்கிறார் போல என்று நானும் கேட்கவில்லை.

நாவலில் அரசனை முதல் அத்தியாயத்துக்கு முன்பே போரில் சாகடித்தேன். கோபம்தான். வேறென்ன.

ஜூலை 9, புதன்

எழுதவில்லை. துணி துவைத்தேன். தலைவலி.

ஜூலை 10, வியாழன்

கிளை நூலகத்திலிருந்து போன். "டீச்சர், ஒங்க புத்தகத்துல கிறுக்கி வச்சிருக்காய்ங்க. ஒரு எட்டு வந்து பாருங்க."

போனேன். அட்டை கிழிந்து, ஓரமெல்லாம் எண்ணெய்க் கை. கடைசி வெற்றுத் தாளில் விதவிதமான கையெழுத்து:

சூப்பர்.
அழுதுட்டேன்.
ஆந்தை சாகக் கூடாது.
முடிவு சரியில்லை, மாத்தணும்.
இவள் தாயா பேயா?

அதற்குக் கீழே பென்சிலில், கோடு போட்டது போல நேராக:

1. நூல் முழுவதும் பார்வையிடப்பட்டது.
2. மேற்கண்ட வாசகர் கருத்துகள் ஏற்கத்தக்கவை அல்ல. தாயின் மீது குற்றம் காண முகாந்திரம் இல்லை. பிள்ளை வலியில் இருந்தது.
3. தகப்பன் முன்பே இறந்ததாகக் கூறியிருப்பது சரியல்ல. அவன் வாசலுக்கு வெளியே நின்றான். உள்ளே வரத் தைரியம் இல்லை.
4. முடிவை மாற்றத் தேவையில்லை.

கீழே சுருக்கொப்பம், தேதி. தாலுகா ஆபீசில் முப்பத்து நாலு வருடம் ஃபைலில் குறிப்பு எழுதிய அவருடைய கை. பேர் தெரியாமல் கிறுக்குகிற இடத்திலும் ஒப்பம் போடாமல் விடத் தெரியவில்லை இந்த மனுஷருக்கு.

நூலகர் சொன்னார்: "சார் தெனமும் பத்து மணிக்கு வந்துருவாரு. இந்தப் புத்தகத்தத்தான் எடுப்பாரு. வீட்டுக்குக் கொண்டு போங்கன்னாலும் வேணாம்பாரு. ஒருநா ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்து அழுதாரு. நான் கண்டுக்கிரல."

பஸ் ஏறவில்லை. வெயிலில் பழங்காநத்தம் வீடு வரை நடந்தே வந்தேன். ரவை வாங்க மறந்துவிட்டேன். மண்சுவர் என்று இந்த நோட்டில்தான் எழுதியிருக்கிறேன். கோடு போட்டு அடிக்க மனமில்லை, இருக்கட்டும்.

ஜூலை 11, வெள்ளி

பதிப்பாளருக்குப் போன். முடிவு அப்படியே இருக்கும். அரசன் சாகவில்லை, வாசலுக்கு வெளியே நிற்கிறான், அதற்கு ஒரு பக்கம் சேர்த்துத் தருகிறேன் என்றேன். "அதுனால கதைக்கு என்ன டீச்சர்?" என்றார். கதைக்கு ஒன்றுமில்லை.

பத்து மணி. அவர் செருப்பு மாட்டினார். "சங்கம் வரைக்கும் போயிட்டு வாரேன்."

"நானும் வாரேன்."

"ஒனக்கு அங்க என்ன வேல?"

"கடைசித் தாளு பாத்தேங்க."

ஒரு கால் செருப்போடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். கல்லில் தோசை கிடந்தது, நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

தரையைப் பார்த்தபடி கேட்டார்: "ஜெனி கடேசியா கண்ணத் தெறந்தாளா? என்னையத் தேடுனாளா?"

இல்லைங்க என்றேன். என் கையை எடுத்துப் பிடித்துக்கொண்டார். தோசை கருகிவிட்டது.