அத்தான் அலசிய கோழியும் என் ஹிஸ்டோன்களும்

என் தங்கமான மங்கா அக்காவுக்கு,

கேட்டாயா, என் சோதனை பலித்துவிட்டது! இரண்டு வருஷமாக அடம்பிடித்தது, போன செவ்வாய்க்கிழமை பலித்தது. நீ போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. ஆனாலும் இதை உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வேன்?

கோலாலம்பூரில் அப்படி என்னதான் படிக்கிறாய் என்று ரிங்லெட் டவுனுக்குப் போகும் பஸ்ஸில் ஒருநாள் கேட்டாயே, ஞாபகமிருக்கிறதா? உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் ஆள் உயரத்தைவிட நீளமான டி.என்.ஏ. இழை, ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளில் இறுகச் சுற்றிக் கிடக்கிறது என்றேன். அந்த உருண்டையில் அசெட்டைல் என்ற சின்ன ரசாயனத் துணுக்கு ஒட்டினால் பிடி தளருமா என்று பார்க்கிறேன் என்றேன். நீயோ தேயிலை ஃபேக்டரியில் பதினைந்து வருஷம் பெட்டி அடைத்தவள்.

"நான் இறுக்கி அடைக்கிறதுக்குச் சம்பளம் வாங்குறேன், நீ தளத்துறதுக்கா படிக்கிற? நல்லாருக்குடி!" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கச் சிரித்தாய்.

தளரவே மாட்டேன் என்றது, அக்கா. செல்களுக்கு பியூட்டிரேட் என்ற மருந்தைப் போட்டால் அந்தத் துணுக்குகள் நிறைய ஒட்டும். பிறகு இழையை வெட்டும் நொதியை விட்டால், தளர்ந்த இழை சீக்கிரம் துண்டாக வேண்டும். எனக்கோ மருந்து போட்டதும் போடாததும் ஒரே மாதிரி வந்தன. மூன்று தடவை! நான்காவதும் சரிவராவிட்டால் ஆய்வுத் தலைப்பையே மாற்றச் சொல்லிவிட்டார் பேராசிரியர். முதலிலிருந்து தொடங்கினால் உதவித்தொகை அதற்குள் முடிந்துவிடும், மூட்டை கட்டிக்கொண்டு நம் எஸ்டேட்டுக்கே மலையேற வேண்டியதுதான். தானா ராத்தா ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு "முடிச்சிருவல்ல?" என்று கேட்டாயே, அதற்கு என்ன பதில் சொல்வேன்?

அந்த லட்சணத்தில்தான் உன் நினைவுநாள் படையலுக்கு வந்தேன். உனக்குப் பிடித்த கோழிப் பிரட்டலைத் தன் கையாலேயே செய்வேன் என்று அத்தான் ஒற்றைக்காலில் நின்றார். உன் புருஷனுக்குச் சுடுதண்ணி வைக்கத் தெரியுமா? மசாலா தடவி ஊறவைத்த கோழியை எடுத்துக் குழாயடியில் அலசிக்கொண்டிருந்தார்.

"அய்யோ அத்தான், என்ன செய்றீங்க?"

"உங்கக்கா எப்பவும் மூணு தண்ணி அலசும் லா. எனக்குத் தெரியாதா?"

மசாலா அத்தனையும் சாக்கடையில் ஓடியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது. நானும் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்!

பியூட்டிரேட் கெட்டுப்போன நெய்யைப்போல நாறும். லேப்பில் பக்கத்து மேசை சலேஹா "பூசோக் லா!" என்று மலாயில் நாற்றத்தைத் திட்டி மூக்கைப் பொத்திக்கொள்வாள். அந்த நாற்றம் போகட்டும் என்று, நீ பழக்கிய பழக்கத்தில், வெட்டும் நொதியை விடுமுன் செல்களை மூன்று தண்ணி அலசுவேன். மருந்து போனதும் செல்லில் உள்ள வேறொரு நொதி துணுக்குகளை எல்லாம் பிய்த்துப் போட்டுவிட்டது. பிடி பழையபடி இறுகிவிட்டது. புத்தகத்தில் படித்ததுதான், மண்டையில் உறைக்கவில்லை.

அன்று உனக்குச் சப்பென்ற கோழிதான் படையல். கோபித்துக்கொண்டாயா?

நான்காவது தடவை, அலசிய ஒவ்வொரு தண்ணீரிலும் பியூட்டிரேட்டைக் கலந்தேன். லேப் முழுக்க நாற்றம். மருந்து போட்ட இழை மளமளவென்று துண்டானது. போடாதது மெதுவாகத்தான் வெட்டுப்பட்டது. பேராசிரியர் துண்டுகள் பதிந்த படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மறுபடி செய்து காட்டச் சொன்னார். காட்டினேன்! எஸ்டேட் ஆபீசுக்கு டிரங்க் கால் போட்டேன். அங்கே கணக்கெழுதும் கிராணி ஆளனுப்பி அத்தானை வரவழைத்தார். அவர் கோழி அலசியதில் எனக்கு விடை கிடைத்த கதையைச் சொன்னேன்.

"அப்ப என் கோழிதான் உன்னக் கரை சேத்துச்சா?" என்றார் அத்தான், மூச்சு வாங்க. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நானும் அழுதுவிட்டேன், அக்கா.

முடிச்சிருவேன். ஆய்வேட்டைத் தட்டச்சு செய்து, அட்டை போட்டு, முதல் பிரதியை உன் படத்துக்கு முன்னால் வைப்பேன். அன்றைக்குக் கோழி என் பொறுப்பு. மூன்று தண்ணி அலசிவிட்டுத்தான் மசாலா தடவுவேன். அத்தானைக் குழாய்ப் பக்கமே விடமாட்டேன்.

உன் கையால் வளர்ந்த தங்கச்சி,
ராணி