மேல் தட்டில் ஒரு திரி

1914, ஜூலை 29
பல்கேரியனோடு சண்டை முடிந்து ஆட்கள் ஊர் திரும்பியதற்கு மறு கோடை. கோயில் மணி விரிசல் விட்டதும், காய்ப்புத் தாங்காமல் பிளம் கிளைகளுக்கு முட்டுக் கொடுத்ததும் இதே வருடம்தான். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, மருமகள் ஸ்மிலியா எழுதுகிறாள்.

போன மாதம் ஆஸ்திரிய இளவரசனை ஒருவன் சுட்டுவிட்டான். இன்று, அவர்கள் நம் செர்பியா மேல் போர் அறிவித்துவிட்டதாகத் தமுக்குக்காரன் தனாஸ்கோ ஊரெல்லாம் அடித்துச் சொன்னான். என் மகன்கள், மூத்தவன் ஒப்ராதும் ஸ்மிலியாவின் கணவன் வித்தோமிரும், படைக்குக் கிளம்பிவிட்டார்கள். கோயிலில் மேல் மணல் தட்டில், உயிரோடிருப்பவர்களுக்கான இடத்தில், ஆளுக்கொரு மெழுகுத்திரி நட்டேன். கீழ்த் தட்டு இறந்தவர்களுக்கு.

ஆகஸ்ட் 30
தனாஸ்கோ நாடுகளின் பெயரைச் சொல்லியே மூச்சு வாங்குகிறான். ருஷ்யா, ஜெர்மனி, பிரான்ஸ், இங்கிலாந்து. கடைசியில் ஜப்பான். "ஜப்பான்காரனுக்கு இதுல என்னய்யா, வரப்புத் தகராறா?" என்று அவனே கேட்டுக்கொண்டான்.

டிசம்பர் 16
எதிரி ஆற்றுக்கு அப்பால் ஓடிவிட்டான். ஜெயித்தோம். மலைச் சண்டையில் ஒப்ராத் விழுந்தான். அவன் திரி இனி கீழே.

1915, மார்ச் 9
பேன் பரப்பும் காய்ச்சல். முதலில் போனது என் மனைவி குருனியா, பிறகு தனாஸ்கோ. தமுக்கு அவன் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. எடுக்க ஆளில்லை.

நவம்பர் 25
வடக்கிலிருந்து ஜெர்மானியர்கள், கிழக்கிலிருந்து பல்கேரியர்கள். நம் படை நாட்டையே விட்டுவிட்டு, பனிமலை வழியாக அல்பேனியா பக்கம் போகிறதாம். வித்தோமிரும் அதில்தான். நம் ஊரில் இனி ஆஸ்திரியர்கள் ஆட்சி.

1916, ஜூன் 18, ஞாயிறு
மலையிலிருந்து பாதியில் திரும்பிய ஒருவன் பக்கத்து ஊரில் இருக்கிறான். வித்தோமிர் பனியில் உட்கார்ந்ததாகவும் பிறகு எழவில்லை என்றும் சொன்னான். இன்று நான் வித்தோமிரின் திரியைக் கீழே நட்டேன். ஸ்மிலியா எல்லோர் முன்னாலும் அதைப் பிடுங்கி மேலே நட்டாள். "மாமா, அவர் உக்காந்ததத்தான் அவன் பாத்தான். செத்ததப் பாக்கல."

உசிரோட இருக்கிறவனுக்குக் கீழே ஏத்தினா ஆயுசு அறுந்துபோகும்னு எங்கம்மா சொல்லுவா. அப்போ நான் செஞ்சது என்ன? அவன் இருக்கானா, இல்லையா — யாரைக் கேக்குறது?

இதையும் எழுதுகிறாளா? எழுதுகிறாள். என் முகத்தைப் பார்க்காமல்.

1917, ஏப்ரல் 22
அமெரிக்காவும் வந்துவிட்டதாம். ஆஸ்திரியச் சிப்பாய்கள் பீரங்கி வார்க்கக் கோயில் மணியை இறக்கிக்கொண்டு போனார்கள். "விரிசல் மணிதானே, மாமா. பீரங்கியும் விரிசலோடவே வரட்டும்" என்றாள் ஸ்மிலியா. மெழுகு எங்கும் கிடைப்பதில்லை. தேனடையைப் பிழிந்து, சுண்டுவிரல் அளவில் திரி உருட்டி வைத்திருக்கிறாள். ஞாயிறுதோறும் வித்தோமிருக்கு மேலே ஒன்று. நான் தடுப்பதில்லை.

1918, அக்டோபர் 27
நம் படை தெற்கிலிருந்து ஏறி வருகிறதாம். ஸ்மிலியாவுக்குக் காய்ச்சல், இருமல். எழுத வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு
எழுதும் கை மாறிவிட்டது. நான் சொல்ல, வித்தோமிர் எழுதுகிறான். அவன் வாசலுக்கு வந்தபோது ஸ்மிலியாவின் குழி மண் இன்னும் ஈரமாக இருந்தது.

கடலுக்கு அப்பால் ஒரு தீவில் பிழைத்துக் கிடந்தானாம். அங்கே யாரோ, நம் வீட்டில் எல்லோரும் காய்ச்சலில் போய்விட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். "ஒங்களுக்கு நான் கீழதான் ஏத்தினேன், அப்பா" என்றான்.

"அதான் ரெண்டு வருஷமா முதுகு வலி" என்றேன்.

சிரித்தான். அப்புறம் ஸ்மிலியா எழுதியதை முதலிலிருந்து படித்துக் காட்டினான். மணலிலிருந்து அவள் திரியைப் பிடுங்கிய இடம் வந்ததும் நிறுத்திவிட்டான்.

எல்லா நாட்டுக்கும் போர் முடிந்ததாம். அவள் உருட்டி வைத்த திரிகளில் கொஞ்சம் மீதி இருந்தன. கோயிலுக்கு எடுத்துப் போனோம். கீழே ஒப்ராத், குருனியா, தனாஸ்கோ. ஸ்மிலியாவுக்கு அவனே நட்டான்.

மேல் தட்டு காலியாக இருந்தது. ஒன்று நட்டேன். யாருக்கு என்று பாதிரியார் கேட்டார்.

வித்தோமிருக்கு.