எல்லையில் இறக்கப்பட்டவள்

லாசால், மொன்றியல்
12.10.2005

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

போன மாதம் ரோமில் மாதா கோயில் கும்பிட்டுவிட்டு, இரவு ரயிலில் சுவிஸுக்கு அண்ணன் வீட்டுக்குப் போனேன். பயப்படாதீர்கள், எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. எதிர் இருக்கையில் நம் ஊருக்குப் பக்கத்துக் கல்லடிப் பெண் ஒருத்தி இருந்தாள். பெயர் சுதாஜினி. மூன்று மணித்தியாலம் ஊர்க்கதை கதைத்தோம். மொன்றியலில் நான் அப்படிக் கதைத்து எத்தனையோ மாதம். அவளிடம் பாஸ்போர்ட் இல்லை.

எல்லை நெருங்கியதும், "அக்கா, நான் உங்கட தங்கச்சி எண்டு சொல்லுங்க" என்று கையைப் பிடித்தாள். தலையாட்டினேன்.

பொலிஸ்காரன் என் கனடா பாஸ்போர்ட்டைப் புரட்டியபடி, "இவள் உன்னுடன் வந்தவளா?" என்று கேட்டான்.

"எனக்கு இவளைத் தெரியாது" என்றேன்.

அவளை இறக்கிக்கொண்டு போனார்கள். "பரவாயில்ல அக்கா" என்றாள்.

கல்லடியில் அவள் வீட்டுக்கு ஏதும் செய்தி வந்ததா என்று விசாரித்து எழுதுங்கள். வேலைக்குப் பஸ் வரும் நேரமாகிவிட்டது. அவர்களிடம் என் பெயரை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் மகள்,
நிரஞ்சலா