உங்கள் அனுமதி இல்லாமல்

சாய்ந்தமருது,
வெள்ளி இரவு.

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம் கேட்பதற்கு முன் இதைச் சொல்லிவிடுகிறேன்: நான் இரத்தம் சோதிக்கப் போகவில்லை. நீங்கள் சொன்ன அந்தச் சொல் என் மேல் விழவில்லை. பதறாமல் வாசியுங்கள்.

நீங்கள் போனை நிற்பாட்டி வைத்திருப்பதால், உங்கள் தம்பி பஹ்மி கண்டி ஆஸ்பத்திரிக்கு வரும்போது அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். அம்ஹாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. வாப்பாவின் இரத்தத்தை மெஷின் கழுவி முடித்துவிட்டதா என்று கேட்கிறாள். போட் இஞ்சின் திருத்தும் கடையைப் பஹ்மிதான் திறந்து பூட்டுகிறான்.

அன்று நான் என்ன பெரிதாகச் சொல்லிவிட்டேன்? என் கிட்னியில் ஒன்றைத் தருகிறேன், முதலில் பொருந்துமா என்று இரத்தம் சோதித்துப் பார்ப்போம் என்றேன். “என்ட அனுமதி இல்லாம நீ இரத்தம் குடுக்கப் போனாயெண்டா உனக்குத் தலாக்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டீர்கள். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அணைக்கத் தோன்றவில்லை.

உம்மாவுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். மருமகன் நல்ல வேலை செய்தாராம். அவவும் மிரட்டுகிறா. “புள்ளைக்காரி, உடம்ப வெட்டக் குடுக்கப் போனாயெண்டா நான் கிணத்துல பாய்வன்” என்கிறா. பிறகு அதே கிணற்றில் தண்ணீர் அள்ளி எனக்குச் சோறாக்கித் தருகிறா. தினமும் பாய்கிறவவுக்கு யார் பயப்படுவார்? ஆனால் நீங்கள், திருத்திய இஞ்சினைக் கடலுக்குள் போட்டுவிட்டு வந்து உங்களையே ஏசுகிற போட்டுக்காரனிடம்கூடக் குரலை உயர்த்தாதவர். அதனால்தான் எனக்கு நித்திரை இல்லை.

பக்கத்து வீட்டு றிஸ்னா, “கண்டியில வேற ஆரும் இரிக்காவோ ராத்தா, நல்லா விசாரிங்க” என்று குசுகுசுத்தாள். ஒரு கணம் எனக்கும் சந்தேகம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். மிரட்டுகிறவர் தனக்கென்று எதையாவது கேட்பார். நீங்கள் எதையும் கேட்கவில்லை. உங்களைப் பிழைக்க வைக்கக் கூடியதைத் தராதே என்றுதான் மிரட்டினீர்கள்.

ஏன் என்றும் விளங்கிற்று. சுனாமியில் கடல் வந்து உங்கள் உம்மா மௌத்தானபோது பஹ்மிக்கு மூன்று வயது. முகாமில் எந்தப் பெண்ணின் முந்தானையைக் கண்டாலும் பிடித்துக்கொண்டு பின்னால் போய்விடுவான் என்றும், நீங்கள் ஓடி ஓடித் தூக்கி வருவீர்கள் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். அம்ஹாவுக்கும் இப்போது மூன்று வயதுதான்.

உம்மாவுக்குத் தெரியாமல் பள்ளி மௌலவியிடம் போனேன். நீங்கள் சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் சொல்லச் சொன்னார். “‘அனுமதி இல்லாம’ எண்டு சொன்னது உறுதிதானா மகள்?” என்று திரும்பக் கேட்டார். ஓம் என்றேன். அனுமதி இல்லாமல் போனால் தலாக் விழும், இது விளையாட்டில்லை என்றார். உன் மாப்பிள்ளை மனமொத்து ‘போ’ என்று சொன்னால் மட்டும் போ, அப்போது ஒன்றும் ஆகாது என்றார்.

வரும் வழியெல்லாம் அதே நினைவு. என்னை முழுதாய்த் தடுக்க நினைத்தவர் ‘போனால் தலாக்’ என்று முடித்திருப்பார். அவ்வளவு ஆத்திரத்திலும் அந்த இரண்டு சொல்லை ஏன் வைத்தீர்கள்? உங்களுக்கும் வாழ ஆசை இருக்கிறது மச்சான். நீங்கள் வாய்விட்டுச் சொல்லாததை உங்கள் மிரட்டல் சொல்லிவிட்டது.

எனக்குப் பயமில்லை என்று பொய் எழுத மாட்டேன். கத்திக்குப் பயம். மயக்க ஊசிக்குப் பயம். அம்ஹா தேடி அழுவாளே என்று பயம். ஆனால் சும்மா இருந்தால் என்ன நடக்கும் என்பதை எழுதக் கை வரவில்லை. உங்களை மீறியும் போக மாட்டேன். மீறினால் நீங்கள் பிழைத்தும் எனக்கு இல்லாமல் போவீர்கள்.

நீங்கள் எழுத வேண்டாம், என்னோடு கதைக்கவும் வேண்டாம். இதை வாசித்து முடிக்கும்வரை பஹ்மி உங்கள் கட்டிலருகில்தான் நிற்பான். அவன் முகத்தைப் பார்த்து, “ஓம், அவ வரட்டும்” என்று மட்டும் சொல்லுங்கள். மற்றதை அல்லாஹ் பார்த்துக்கொள்வான்.

உங்களை அவன் எங்களுக்கு விட்டுவைக்கட்டும்.

பெட்டியைக் கட்டி வைத்துக் காத்திருக்கும்
நதீரா