பாதி அட்வான்ஸுக்குச் சாவி கிடையாது

7-6-1961, புதன்

உக்கடத்து வீட்டை இன்று காலி செய்தோம். கணவர் சாமான் வண்டியோடு சிங்காநல்லூர் போய்விட்டார். நான் கழுவித் துடைத்த வீட்டைச் சுற்றிப் பார்த்த வீட்டுச் சொந்தக்காரர் சமையலறையில் நின்றுவிட்டார்.

“ஏனுங்க அம்மணி, செவுரெல்லாம் கரி. வெள்ளையடிக்க அட்வான்ஸுல பாதியப் புடிச்சுக்கறனுங்க.”

“வெறகடுப்பு எரிஞ்ச செவுரு வேற எப்படிங்க இருக்கும்? பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிச்சது நாங்கதானுங்க. முழுசாக் குடுத்தாத்தானுங்க சாவி.”

“நாளைக்குப் பாக்கலாமுங்க” என்று அவர் போய்விட்டார். நான் போகவில்லை. வண்டியில் ஏற்றாமல் கையோடு கொண்டுபோக வைத்திருந்த ஒரு பாயும் ஒரு சட்டியும் போதும்.

விடிந்தால் புதுக் குடித்தனம் பால் காய்ச்ச வருகிறது. அடுத்தவர் உலை கொதிக்கிற வீட்டில் யார் பால் காய்ச்சுவார்கள்? நாலு மணிக்கே எழுந்து அதே அடுப்பில் உலை வைக்கப் போகிறேன். கரி இன்னும் கொஞ்சம் ஏறட்டும்.