துடைக்காத இடம்

என் வீட்டுக்காரருக்கு,

கத்திக் கண்காட்சியெல்லாம் நன்றாகப் போகிறதா? இங்கே நான் நலம். உங்கள் கத்திகளும் நலம். சொன்னபடியே கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் தடவினேன்.

கல்யாணமான புதிதில் ஆசையாக ஒன்றை வெறுங்கையால் எடுத்துவிட்டேன். "ஐயையோ, தொடாதே! வேர்வை பட்டா துருப்பிடிச்சிடும்" என்று பிடுங்கித் துடைத்தீர்களே, ஞாபகமிருக்கிறதா? அன்றிலிருந்து கையுறை இல்லாமல் அந்த அலமாரியை நான் திறந்ததே இல்லை.

போன மாதம், உங்களைப் போலவே பழைய போர்க்கத்தி சேர்க்கிற அந்த அம்மணி வந்திருந்தார். நான் அடுக்களையில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன். கூடத்தில் ஒரே சிரிப்பு. "அவங்களுக்குக் கத்தியோட அருமை தெரியுது" என்றீர்கள் பிறகு. இருக்கட்டும், எனக்கென்ன?

கடைசியாக, நீங்கள் உயிரையே வைத்திருக்கும் அந்தக் கத்தியை எடுத்தேன். போர்முனையில் ஒரு சிப்பாய் தன் கையாலேயே அடித்துச் செய்தது என்பீர்களே, அதுதான். அதன் இரும்பில், புதுத் துருவால் வரைந்த மாதிரி ஒரு கட்டைவிரல் ரேகை. ஒடுக்கமான, சின்ன விரல். உங்களுடையது இல்லை, என்னுடையதும் இல்லை. சுற்றிலும் உங்கள் எண்ணெய் மினுங்குகிறது. அந்த இடத்தில் மட்டும் நீங்கள் துணியே படவிடவில்லை.

இத்தனை வருஷமாக இந்தக் கத்திகளைத்தான் சக்களத்திகள் என்று திட்டிக்கொண்டிருந்தேன். பாவம், அவை என்ன செய்யும்!

நானும் அதைத் துடைக்கவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு, அதற்குப் பக்கத்திலேயே என் கட்டைவிரலை நன்றாக அழுத்தி வைத்திருக்கிறேன். வெளியே விடாத மழை.

அங்கே அம்மணியைப் பார்த்தால் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். அவசரமில்லை, நிதானமாகவே வாருங்கள். துருப்பிடிக்கக் கொஞ்ச நாள் ஆகுமே.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி